பழைய உலர்தாவரத் தாள்களின் உயரமும் வரைபடமும் ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

மேற்கு இமயமலையில் மர எல்லைக்கு மேலே மட்டும் வளரும் ஒரு சசூரியா (சூரியகாந்திக் குடும்பச் செடி) இனத்தின் பரவலை வரைபடமாக்க நான்கு மாதமாக முயல்கிறேன். மேக்ஸென்ட் (செடி பதிவான இடங்களின் சூழலை வைத்து அது வளரக்கூடிய இடங்களைக் கணிக்கும் மென்பொருள்) தரும் கணிப்பு, செடி வளரவே வாய்ப்பில்லாத பள்ளத்தாக்கையும் உகந்த இடம் என்று காட்டுகிறது.

பயன்படுத்துவது: வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ் 3.34, தட்பவெப்பத் தரவு வேர்ல்ட்கிளிம் 2.1 (சுமார் 1 கி.மீ. கட்டம்), கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு. மொத்தம் 61 பதிவுகள். பாதிக்கு மேல் பழைய உலர்தாவரத் தாள்கள் (உலர்த்திய செடியை ஒட்டி, சேகரித்த விவரம் எழுதிய தாள்கள்). ஒரு தாளில் 4,100 மீட்டர் என்று கையால் எழுதியிருக்கிறது. அதே புள்ளி உயரத் தரவில் 3,300-இல் விழுகிறது. 800 மீட்டர் என்றால் ஏறக்குறைய 5 டிகிரி வெப்ப வேறுபாடு, அது சின்ன விஷயமில்லை.

இரட்டைப் பதிவுகளையும் ஆயத்தொலைவு சந்தேகமானவற்றையும் நீக்கினேன். மிஞ்சியவை 23. அப்புறம் பள்ளத்தாக்கு மறைந்தது, ஆனால் நானே நேரில் செடியைப் பார்த்த ஒரு முகடும் சேர்ந்து போய்விட்டது. பின்புலப் புள்ளிகளை (மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் பொதுவான இடங்களை) 3,000 மீட்டருக்கு மேல் மட்டும் எடுத்தும் பெரிய மாற்றமில்லை.

தாளில் உள்ள உயரத்தை நம்பி, பழைய புள்ளிகளை அருகிலுள்ள அதே உயரச் சரிவுக்கு நகர்த்தலாமா, அல்லது 23 பதிவுகளோடு நிறுத்திக்கொள்வதுதான் சரியா?