சீல் பிரிக்காத நினைவு நாணய செட்: எடைக்கு விலையா, பெட்டிக்கு விலையா?

வெள்ளிப்பித்தன்: கிரவுன் சைஸ் (பிரிட்டனோட பழைய பெரிய காசு அளவு) ப்ரூஃப் (சேகரிக்கிறவங்களுக்குன்னே பளபளன்னு அடிக்கிற) வெள்ளிக் காசு செட் ஒண்ணு வச்சிருக்கேன், பெட்டி, சான்றிதழ் எல்லாம் பக்கா, சீல் கூட பிரிக்கல. கம்மியாத்தான் அடிச்சோம்னு அட்டையிலயே போட்டிருக்கான். வாங்க வந்த ஆளு வெள்ளி எடைக்குத்தான் தருவேன்னு நிக்கிறாரு. பகல் கொள்ளை இல்லையா இது?

தராசுமுள்: கொள்ளைன்னு எப்படி சொல்றீங்க பாஸ்? எத்தனை அடிச்சாங்கன்னு மட்டும் பாத்தா பத்தாது, எத்தனை பேர் தேடுறாங்கன்னும் பாக்கணும். 1965ல சர்ச்சில் நினைவா பிரிட்டன் போட்ட கிரவுன் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல, வாங்கினவன் எல்லாம் பின்னாடி விலை ஏறும்னு பொத்திப் பொத்தி வச்சான், அதனாலயே இன்னிக்கும் கிடைக்காத காசு இல்ல அது. செம்பு நிக்கல் வேற, உருக்கினாலும் ஒண்ணும் தேறாது.

வெள்ளிப்பித்தன்: கோடிக்கணக்குல அடிச்சதை இதோட ஏன் சேக்குறீங்க? 2009ல லண்டன் க்யூ கார்டன்ஸ் பூங்கா நினைவா பிரிட்டன் போட்ட 50 பென்ஸ் வெறும் 2,10,000தான், சில்லறையா புழங்கின காசு, அதுவே முகமதிப்பை விட பல மடங்கு போகுதே.

தராசுமுள்: ஏன் போகுது? 50 பென்ஸ் வரிசையா சேக்குற கூட்டம் பெருசு, அந்த ஒரு காசு இல்லாம ஆல்பம் நிறையாது. உங்க செட்டை எந்த ஆல்பக்காரன் தேடுறான் சொல்லுங்க பாப்போம்.

ஆல்பம்ராணி: நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க, ரெண்டு பேருமே காசோட நிலைமையைப் பத்தி மூச்சு விடல. ப்ரூஃப்னா உருவம் இல்லாத வெறும் பரப்பு கண்ணாடி மாதிரி இருக்கணும், ஒரு விரல் ரேகை பதிஞ்சாலே போச்சு, வெள்ளில பால் தெறிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி வேற வரும், சீல் இருக்குன்றதால இதெல்லாம் வராதுன்னு இல்ல. தயவுசெஞ்சு பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க.

வெள்ளிப்பித்தன்: அப்போ கிரேடிங்குக்கு (காசோட நிலைமையைப் பாத்து 70 வரைக்கும் மார்க் போடுவாங்களே, அதுக்கு) அனுப்புறேன், 70க்கு 70 வந்தா?

தராசுமுள்: வந்தா சந்தோஷம். இப்போ வர்ற ப்ரூஃப் காசுல 69 சர்வ சாதாரணம், 69க்கும் 70க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஆனா விலையில தெரியும், 69 வந்தா கிரேடிங் ஃபீஸ் கூட திரும்பாம போகலாம். அதுக்கு முன்னாடி அடி விலை என்னன்னு கணக்கு போடுங்க: 28.28 கிராம் காசு, 925 வெள்ளின்னா (ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி) சுத்த வெள்ளி 26.16 கிராம். அதுக்கு மேல ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஆசைப்பட்டுத் தர்றது.

வெள்ளிப்பித்தன்: அந்த ஆசைக்குத்தான் நான் காத்திருக்கேன். ஆன்லைன்ல இதே செட் மூணு மடங்குக்கு போட்டிருக்கான், நான் மட்டும் ஏன் எடைக்குக் கொடுக்கணும்?

தராசுமுள்: போட்டிருக்கான், வித்தானா? வித்து முடிஞ்ச ஏல விலையை எடுத்துட்டு வாங்க, பேசலாம். கேக்குற விலையை யார் வேணா எழுதலாம்.

ஆல்பம்ராணி: அதுவும் சரி, ஆனா எடைக்கே கொடுத்துடுங்கன்னும் சொல்ல மாட்டேன், வித்துட்டா திரும்ப வராது, உருக்கவும் வாய்ப்பிருக்கு. சான்றிதழ்ல இருக்கிற எடையும் தரமும் மேல சொன்ன கணக்கோட ஒத்துப்போகுதா பாருங்க முதல்ல, வெள்ளி முலாம் பூசின செட்டும் இதே மாதிரி பெட்டியிலதான் வரும்.