புதுப்பிப்பு: மூன்றாவது சிலிண்டரில் வால்வு வளைந்ததன் காரணம்

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டிய பிறகு என் காரின் மூன்றாவது சிலிண்டர் அழுத்தம் இழந்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள பணிமனையில் சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது, பிஸ்டனின் தலையில் பிறை வடிவத்தில் இரண்டு தடங்கள் பளபளத்தன. அவற்றுக்கு நேர் மேலிருந்த, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் இரண்டும் வளைந்திருந்தன.

உங்களில் பலர் எண்ணெய்ப் பற்றாக்குறையைச் சந்தேகித்தீர்கள். அப்படியென்றால் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் கீறியிருக்கும், ஆனால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. முந்தைய உரிமையாளர் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடிய கேம்ஷாஃப்ட்டைப் பொருத்திவிட்டு, வால்வுகளை மூடும் பழைய ஸ்பிரிங்குகளை அப்படியே விட்டிருக்கிறார். வால்வைக் கட்டுப்படுத்தத் தேவையான விசை சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், நிமிடத்திற்கு 8,000 சுற்றிலிருந்து 9,000க்குப் போகும்போதே அது ஏறத்தாழ 27 விழுக்காடு கூடிவிடுகிறது. 9,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 75 முறை திறந்து மூட வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்க முடியாதபோது வால்வு உரிய நேரத்தில் மூடாமல் மிதக்கிறது, மேலேறி வரும் பிஸ்டன் அதை இடித்துவிடுகிறது.

இயந்திரத்தின் சுழல்வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். தவறிக் கீழ் கியருக்கு மாற்றினால் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றும், எரிபொருளைத் துண்டிப்பதால் அது நிற்காது.

மிகக் கடினமான ஸ்பிரிங்குகளும் கேம்ஷாஃப்ட்டைத் தேய்க்கும் என்பதால், அதற்குப் பொருத்தமானவற்றையே வாங்குகிறேன். முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருக்கிறதா என்று அளந்த பிறகே ஹெட்டைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.