பொருள்: முதுகொடியா, தன்வேர்க்கொடியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒயின், திராட்சைத் தோட்டம் பற்றிய தமிழ்க் கலைச்சொற்களை நம் குழுவில் பேசிவருகிறோம். மலைத்தோட்டத்துப் பழங்கொடிகளிலிருந்து வரும் வெள்ளை ஒயினுக்கு 'உயர்முதுகொடி வெண்மது' என்று குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். வெண்மது சரி. 'உயர்' வேண்டாம், உயர்தரம் என்றே படிப்பார்கள், கடை விளம்பரமாகிவிடும். 'மலைத்தோட்ட' என்றாலே போதும்.

எனக்குச் சிக்கல் 'முதுகொடி'யில்தான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில், மோன் பிளாங் அடிவாரத்தில், மோர்ஜே, லா சால் என்று இரண்டு ஊர்கள். சுமார் 900 முதல் 1200 மீட்டர் உயரத்தில் ப்ரியே பிளாங் என்ற திராட்சை விளைகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேர்ச்செடிமேல் ஒட்டுக்கட்டித்தான் மற்ற ஊர்க்காரர்கள் தப்பினார்கள். இந்த மேட்டுக்கு அது ஏறவில்லை. அதனால் இங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

சொந்த வேர் என்றால் பதியன் போடலாம். கிளையை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்தால் அடுத்த கொடி தயார். வேர்ப்பேன் உள்ள ஊரில் இது நடக்காது, புது வேரைப் பூச்சி பிடித்துவிடும். சரி, பதியனில் வந்த கொடிக்கு வயது என்ன? தாயின் வயதா, புதைத்த நாளிலிருந்தா? 'முது' என்ற அடை இங்கே தடுமாறுகிறது. போதாததற்கு, எத்தனை ஆண்டானால் பழங்கொடி என்பதற்கு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்ட வரையறையும் கிடையாது; பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு (OIV) 2024இல் 35 ஆண்டு என்று பரிந்துரைத்ததோடு சரி. 'தன்வேர்க்கொடி' என்றால் வேரைத் தோண்டிப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லிவிடலாம். கலைச்சொல்லுக்கு அந்தத் தெளிவு வேண்டும். முதுகொடியை வயது உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. மோர்ஜேயில் கொடியைப் படரவிடும் அமைப்புக்கு 'படர்சட்டகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுகிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். அது பந்தல். கம்பம் பக்கத்துப் பந்தல் ஆள் நின்றுகொண்டே கவாத்து செய்யும் உயரம். மோர்ஜேயில் குனிந்தே வேலை செய்யவேண்டிய உயரம். தரை பகலில் வாங்கிய சூடு இரவில் குலைக்குக் கிடைக்கட்டும், காற்றும் பனியும் முறிக்காமல் இருக்கட்டும் என்று தாழப் போடுகிறார்கள். ஆகவே 'தாழ்பந்தல்'.

அப்புறம், சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் கம்பியோ பந்தலோ இல்லாமல், குட்டை மரம்போல் தனித்தனியே வளர்க்கும் முறை இருக்கிறது. அங்கே கரிக்காந்தே என்ற வெள்ளைத் திராட்சையும் அப்படி நிற்பதுண்டு. இதற்கு இன்னும் சொல் இல்லை. 'குத்துக்கொடி' எனலாமா? கொடி என்றாலே படர்வது, அதைக் குத்தாக நிறுத்துவது முரணாகத் தோன்றுகிறதா? தோட்டக்கலை படித்தவர்கள் சொல்லுங்கள்.