ஜவ்வாது மலையில் கிராவல் சைக்கிள்: எந்தப் பாதையில் ஓட்டலாம், எதில் கூடாது?

கேள்வி: நெடுவழி

சென்னையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் செம்மண் பாதைகளிலும் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைகளுக்கு ஏற்ற தடித்த டயர் சைக்கிள்) ஓட்டிப் பழகிய நாங்கள் மூவர், டிசம்பரில் ஜவ்வாது மலைக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறி, அங்கே இரவு தங்கி, மறுநாள் காவலூர் வழியாக ஆலங்காயத்திற்கு இறங்கி, வாணியம்பாடியில் ரயில் பிடிப்பது திட்டம். முதன்மைச் சாலை தார்ச்சாலை என்பதால் இடையிடையே மண் பாதைகளில் திரும்பிச் செல்ல ஆசை. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காட்டுக்குள் நேர்நேராகப் பல பாதைகள் தெரிகின்றன. அவற்றில் ஓட்டலாமா? எங்கள் சைக்கிள்களில் 38 மில்லிமீட்டர் டயர்கள் உள்ளன. மிதியோடு சுழலும் பல்சக்கரத்தில் (முன்பல்) 40 பல், பின்சக்கரத்துப் பல்தொகுதியில் (பின்பல்) 11 முதல் 34 பல் வரை. இவை போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அமிர்திக்கரை

முதலில் அந்த நேர்கோடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது அவற்றிடம்தான். மலைச்சரிவில் வளைவே இல்லாமல் நேராக ஏறி இறங்கும் கோடு பெரும்பாலும் பாதையாக இருக்காது. காட்டுத்தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமலிருக்க வனத்துறையினர் செடிகொடிகளை வெட்டி அகற்றி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடாக இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது அருமையான கிராவல் பாதையைப் போலவே தோன்றும். ஆட்களும் வண்டிகளும் போய்வரும் பாதை சரிவைச் சுற்றி வளைந்து செல்லும். அதன் ஒரு முனையிலாவது வயலோ வீடோ இருக்கும்.

இரண்டாவது, சட்டம். ஜவ்வாது மலைக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டிற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். நடந்து போனாலும் சைக்கிளில் போனாலும் ஒன்றுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்த பின்னர் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளும் வழிகாட்டியுடன் நடந்து செல்வோருக்கானவை. சைக்கிளுக்கு அவற்றைக் காட்டி வாதாட முடியாது. இதற்கு மேல், ஜவ்வாது சந்தனமரத்திற்குப் பெயர் போன மலை. கடத்தல்காரர்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய வனக்காவலர்கள், காட்டுக்குள் பையோடு திரியும் அந்நியரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் மண் பாதையே கிடைக்காதோ என்று கவலைப்பட வேண்டாம். நீலகிரியிலோ வால்பாறையிலோ பாதையின் ஒரு பக்கம் தனியார் தோட்டம், மறுபக்கம் காடு என்று இருப்பதால் ஊர்ப்பாதை என்று சொல்லிக்கொள்ளக் குறைவாகவே கிடைக்கும். ஜவ்வாது அப்படியன்று. மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாக விரியும் நிலப்பரப்பில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. சாமை விளையும் கொல்லைகளும் புளியமரங்களும் பலாமரங்களும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் போகும் கப்பிச் சாலைகளும் (உடைகல் இட்டு இறுக்கிய, தார் போடாத சாலைகள்) மண் பாதைகளும் பொதுவழிகள். கிராவல் சைக்கிளுக்கு இந்த மலையில் இடம் என்றால் அது இந்த ஊர்ப்பாதைகள்தாம், காட்டுப்பாதைகள் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இருபுறமும் மரம் நிற்கிறது, தொலைவில் காடு தெரிகிறது, காலடியில் சரளை நொறுங்குகிறது, வேறென்ன வேண்டும்?

பழைய ஜி.பி.எஸ். தடத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். கப்பிச் சாலைகள் அடிக்கடி தார்ச்சாலைகளாக மாறுகின்றன. அந்த ஊர் மக்களுக்கு அது நல்லதே, நாம் வருந்துவதற்கு உரிமை இல்லை. மாறும் வேளையில் அகப்பட்டுக்கொண்டால்தான் தொல்லை: உருளை ஓடாமல் வெறுமனே ஜல்லி பரப்பிவிட்ட சாலையில் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிவரும். ஜமுனாமரத்தூர் தேநீர்க்கடையில் ‘அந்த ஊருக்கு இப்போது கப்பியா, தாரா, ஜல்லியா’ என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே தானியம் உலர்த்தியிருப்பார்கள். அங்கே இறங்கி ஓரமாகத் தள்ளிச் செல்லுங்கள். இங்குள்ள காடுகளில் கரடி உண்டு. ஆகவே பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் திரும்பிவிடுவது நல்லது.

டிசம்பரில் வருவதென்றால் மாதத்தின் பிற்பாதியில் வாருங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காயாத செம்மண், டயருக்கும் சைக்கிளின் சட்டகத்திற்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவே விடாது. பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுவதும் சரியில்லை; காய்ந்த இலையும் புல்லுமாக அது தீக்காலத்தின் தொடக்கம்.

மறுமொழி: பல்சக்கரம்

சைக்கிளைப் பற்றிக் கேட்டதற்கு என் பதில். 40 பல்லும் 34 பல்லும் சேரும்போது, நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். சமவெளியில் அது நடைவேகமாகத் தோன்றலாம். ஆனால் பையோடு 9 அல்லது 10 விழுக்காடு ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தாங்க ஏறத்தாழ 230 வாட் ஆற்றல் தேவை, அதை மணிக்கணக்கில் தருவது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். பின்பல் தொகுதியை 42 வரை உள்ளதாக மாற்றினால் வேகம் ஏழரைக்கு இறங்கும், முழங்காலும் தப்பும். வாங்குமுன், உங்கள் பின்புறக் கியர் மாற்றி (சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) 42 பல்லை ஏற்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலைச் சைக்கிளுக்கான பல கியர் மாற்றிகள் 34 அல்லது 36 பல்லோடு நின்றுவிடும். ஏற்காவிட்டால் முன்பல்லை 36 ஆக்குவது செலவு குறைந்த வழி.

இறுகிய கப்பிச் சாலைக்கு 38 மில்லிமீட்டர் டயர் போதும்; சைக்கிளின் சட்டகத்தில் இடமிருந்தால் 45 போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 38 டயரில் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருப்பதால் டியூப்லெஸ் நல்லது, ஆனாலும் ஆளுக்கு இரண்டு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்கடையில் 28 அங்குல டியூப் கிடைக்கும். அது டயருக்குள் எப்படியோ அடங்கிவிடும், ஆனால் அதன் தடித்த வால்வு, உங்கள் சக்கரத்தில் மெல்லிய பிரெஸ்டா வகை வால்வுக்காக இட்ட துளைக்குள் நுழையாது.

திட்டத்தில் ஒரு மாற்றம் சொல்லலாமா? போளூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. வாணியம்பாடிப் பக்கம் அதைவிட உயர்ந்த நிலம். காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் உள்ளது. ஆகவே ஆலங்காயம் வழியாக ஏறிப் போளூருக்கு இறங்கினால் ஏற்றம் கணிசமாகக் குறையும்.

நெடுவழி

இருவருக்கும் நன்றி. தீத்தடுப்புக் கோடுகளைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். திசையை மாற்றலாம் என்றால் போளூரிலிருந்து சென்னைக்குத் திரும்புவதுதான் இடிக்கிறது. காட்பாடி–விழுப்புரம் தடத்தில் நமக்கு ஏற்ற நேரத்தில் ரயில் அமைவது அரிது.

மறுமொழி: அமிர்திக்கரை

போளூருக்கு இறங்கவே வேண்டாம். வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வந்து சேருங்கள். இறங்கும்போது நம்மியம்பட்டு, அமிர்தி வழியாக வேலூருக்கு வந்தால் காட்பாடியில் ரயில் ஏறலாம். தொடங்கும் நிலையமும் முடியும் நிலையமும் சென்னை–ஜோலார்பேட்டை முதன்மைத் தடத்திலேயே அமைந்துவிடும். சக்கரங்களைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டால் பெட்டிக்குள் ஏற்ற வாய்ப்புண்டு, ஆனால் அது பரிசோதகரின் மனநிலையைப் பொறுத்தது. பார்சலில் பதிவு செய்வதென்றால் வாணியம்பாடியைப் போன்ற சிறு நிலையத்தைவிடக் காட்பாடியில் வசதி அதிகம்.

முடிந்தால் ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவு தங்குங்கள். நடுநாளில் பையை அறையிலேயே வைத்துவிட்டு, பீமன் அருவிப் பக்கமும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் வெறும் சைக்கிளில் போய் வரலாம். மண் பாதை ஆசை முழுவதும் அன்றுதான் தீரும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. நான் சொன்ன வழி மூன்றையும் தொடுவதால், ஓரிடத்து வனச்சரகர் ‘போகலாம்’ என்று சொன்னதை வைத்து அடுத்த மாவட்டத்துச் சோதனைச் சாவடியைக் கடந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஐயமுள்ள பாதை எதுவானாலும் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்திலேயே கேளுங்கள்.