தல்துவே சோமாராம தேரர்: ஏவிவிடப்பட்டவரா, ஏற்றுக்கொண்டு சுட்டவரா?

செங்கதிர்:
"இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க கொலையில் சோமாராம தேரர் வெறும் பலிகடா, உண்மைக் குற்றவாளி புத்தரக்கித்த தேரர்தான்" என்று இங்கே சிலர் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

1959 செப்டம்பர் 25 காலை. கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு விறாந்தையில் குறை சொல்ல வந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சோமாராமவும் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்து நான்கு. பொரளையில் உள்ள சுதேச வைத்தியக் கல்லூரியில் கண் வைத்தியம் கற்பித்தவர். காவிக்குள் ரிவோல்வரை மறைத்துக்கொண்டு, தம் முறை வரும்வரை பொறுமையாக இருந்தார். பிக்கு என்பதால் தம்மைக் கும்பிட்ட மனிதரைச் சுட்டார். குண்டடிபட்டு வீட்டுக்குள் ஓடியவரை விடாமல் துரத்திச் சென்றும் சுட்டார். காவலர் சுட்டுக் காயப்படுத்திய பிறகுதான் அவரைப் பிடிக்க முடிந்தது. பிரதமர் மறுநாள் உயிரிழந்தார்.

ஒருவர் சொல்லி அனுப்பினார் என்பதற்காக இவ்வளவையும் செய்த மனிதரைக் கருவி என்று சொல்ல என்னால் முடியாது. காத்திருந்த ஒவ்வொரு நிமிடமும் எழுந்து வீட்டுக்குப் போகும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

கறுப்புக்கோட்டு:
செங்கதிர் அவர்களே, நீங்கள் விறாந்தையில் தொடங்கி விறாந்தையிலேயே முடித்துவிட்டீர்கள். வழக்கு அங்கே தொடங்கவில்லை.

மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர் களனி ரஜமகா விகாரையின் விகாராதிபதி, அதாவது தலைமைப் பிக்கு. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை ஆட்சியில் ஏற்றிய பிக்கு முன்னணியின் முக்கியத் தூண். பணமும் ஆள்பலமும் கொடுத்தவர். ஆட்சி வந்த பிறகு அதற்குக் கைம்மாறு எதிர்பார்த்தார். அவரும் வணிகர் எச்.பி. ஜயவர்தனவும் தொடங்கிய கப்பல் கம்பெனிக்கு அரசு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சர்க்கரை ஆலை முயற்சியும் பலிக்கவில்லை. அரச தரப்பு நீதிமன்றத்தில் வைத்த கதை இதுதான்: கசப்பு சதியாக மாறியது, சுடுவதற்கு ஓர் ஆள் தேடப்பட்டார், சுதேச வைத்தியம் புறக்கணிக்கப்படுகிறது என்ற குமுறலோடு இருந்த சோமாராம கிடைத்தார். துப்பாக்கி கொடுத்ததாகவும், முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் சுட்டுப் பழக்கியதாகவும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்.

இத்தனை பேர் சுற்றி நின்று தள்ளிய மனிதரை "தாமாக முடிவெடுத்தவர்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சோமாராம, புத்தரக்கித்த, ஜயவர்தன மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகியும் கயிற்றில் தொங்கியவர் ஒருவர் மட்டும்தான். இது நீதியா?

செங்கதிர்:
மற்ற இருவரும் தூக்கிலிருந்து தப்பியதற்குச் சோமாராம நல்லவர் என்பதா காரணம்? சட்டத்தில் இருந்த ஓட்டைதானே காரணம்?

கறுப்புக்கோட்டு:
அந்த ஓட்டையைப் பற்றித்தான் பேச வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான்.

மரண தண்டனையை நிறுத்திவைக்கும் சட்டத்தை 1958இல் கொண்டுவந்ததே பண்டாரநாயக்க அரசு. ஆக, 1959 செப்டம்பர் 25 அன்று இலங்கையில் கொலைக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. சோமாராம சுட்ட நொடியில் அவருக்குச் சட்டம் விதித்திருந்த உச்சத் தண்டனை ஆயுள் சிறைதான். பிரதமர் இறந்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில், நிறுத்திவைப்பை நீக்கும் சட்டம் வந்தது. முன்பே செய்த கொலைகளுக்கும் அது பொருந்தும் என்று எழுதினார்கள். யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அவசரத்தில் எழுதியவர்கள் "கொலை" என்று மட்டும் குறிப்பிட்டு, "கொலைச் சதி"யை விட்டுவிட்டார்கள். 1961 மே மாதம் நீதிபதி டி.எஸ். பெர்னாண்டோ மூவருக்கும் மரண தண்டனை விதித்தார். 1962 தொடக்கத்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சதிக் குற்றத்துக்கு முன்தேதியிட்ட மரண தண்டனை செல்லாது என்று சொல்லி, புத்தரக்கித்த, ஜயவர்தன இருவரின் தண்டனையையும் ஆயுள் சிறையாகக் குறைத்தது. திட்டமிட்டவர்கள் பிழைத்தார்கள். ஏவப்பட்டவர் 1962 ஜூலை 6 அன்று வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

குற்றம் நடந்த நேரத்தில் இருந்ததைவிடக் கடுமையான தண்டனையை யாருக்கும் விதிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் சொல்கிறது. அது சோமாராமவுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

பனங்கூடல்:
ஐயா இருவருக்கும் வணக்கம். இவ்வளவு நேரம் வாசித்துவிட்டுக் கேட்கிறேன். 1958 என்ற ஆண்டு மரண தண்டனைச் சட்டத்துக்காக மட்டும்தான் உங்கள் நினைவுக்கு வருகிறதா?

1957 ஜூலையில் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் தந்தை செல்வநாயகத்தோடு அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அதே ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின்முன் உட்கார்ந்து அடம்பிடித்தார்கள். அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே தமிழர்கள்மீது கொலைவெறி அவிழ்த்துவிடப்பட்டது. என் பெற்றோரின் தலைமுறை கப்பலேறி யாழ்ப்பாணம் வந்திறங்கிய காலம் அது. அந்தக் கூட்டத்துக்கு வீட்டு வாசல்வரை வரலாம், பிரதமரைப் பணியவைக்கலாம் என்று கற்றுக்கொடுத்தவர் யார்? காவியைக் கண்டால் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையோடுதான் சோமாராமவும் உள்ளே போனார்.

சோமாராமவின் கொலைக்கு வேர் 1956இல் இருக்கிறது. இருபத்துநான்கு மணிநேரத்தில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று வாக்குறுதி கொடுத்து, பிக்குகளை மேடையேற்றியவரையே அந்த அரசியல் விழுங்கியது.

செங்கதிர்:
பனங்கூடல், உங்கள் வேதனையை மதிக்கிறேன். என் குடும்பத்துக்கும் 1958 தெரியும். ஆனாலும் இந்தக் கொலையைத் தமிழர் பிரச்சினையின் நீட்சியாக்குவது சரியில்லை. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட சதியில் தமிழர் என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. கப்பல், சர்க்கரை, வைத்தியக் கல்லூரி, பதவி, இவைதான் இருந்தன. "பண்டாரநாயக்க தமிழருக்கு விட்டுக்கொடுத்ததால் கொல்லப்பட்டார்" என்று எழுதுகிறவர்கள் அவரைத் தியாகியாக்குகிறார்கள். "தமிழருக்குச் செய்த பாவம் அவரைக் கொன்றது" என்கிறவர்கள் ஒரு கொலைகாரரை விதியின் கையாக்குகிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

பனங்கூடல்:
விதி என்று நான் எங்கே சொன்னேன்? அரசியல் என்றேன். மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தில் சோமாராம என்ன காரணம் சொன்னார்? நாடு, இனம், சமயம். தமக்கு எந்தத் தீங்கும் செய்யாத மனிதரை இவற்றுக்காகச் சுட்டதாகச் சொன்னார். கப்பல் கம்பெனி புத்தரக்கித்தவின் காரணமாக இருக்கலாம். அந்தக் கம்பெனியால் சோமாராமவுக்கு என்ன லாபம்? வியாபாரக் கோபத்தில் இருந்தவர் ஒரு வைத்தியரைக் கொலைக்கு இணங்கவைக்க எந்த மொழியில் பேசியிருப்பார்? நாடு, இனம், சமயம் என்றுதான் பேசியிருப்பார். அந்த மொழியை ஊர் ஊராகப் பரப்பியது 1956 தேர்தல் மேடை.

கறுப்புக்கோட்டு:
அந்த வாக்குமூலத்தை இவ்வளவு உறுதியாக நம்ப வேண்டாம். வழக்கு நடந்தபோது சோமாராம அதைத் திரும்பப் பெற்றார். தாம் சுடவே இல்லை என்று கூண்டில் நின்று சொன்னார்.

செங்கதிர்:
துப்பாக்கியோடு பிடிபட்டவர், அத்தனை கண்கள் பார்த்த பிறகு, தாம் சுடவில்லை என்றார். நான் முதல் பதிவில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? நாட்டுக்காகச் செய்தேன் என்று முதலில் பெருமையோடு சொன்னவர், கயிறு கண்ணில் பட்டதும் நான் இல்லை என்றார். கொள்கை வீரன் என்ற முகமூடியை நாம் கிழிக்கத் தேவையில்லை, அவரே கழற்றிவிட்டார். சாவதற்குச் சில நாள் முன்பு காவியைத் துறந்து கிறிஸ்தவராக ஞானஸ்நானமும் பெற்றார். எந்தச் சமயத்தைக் காக்கச் சுட்டதாகச் சொன்னாரோ, அந்தச் சமயத்திலேயே கடைசிவரை அவர் நிற்கவில்லை.

பனங்கூடல்:
மதம் மாறியதை அப்படி ஏளனமாகப் பார்க்க எனக்கு மனமில்லை, செங்கதிர். சாவுக்குக் காத்திருக்கும் மனிதர் எதைப் பற்றிக்கொண்டார் என்பதைக் கோழைத்தனத்தின் அளவுகோலாக்காதீர்கள். காவியைப் போட்டுக்கொண்டு கொலை செய்தவர், அதே காவியோடு சாகத் தமக்குத் தகுதியில்லை என்று உணர்ந்திருக்கலாம். அவர் மனத்துக்குள் போய்ப் பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் அந்த ஒரு செயலில்தான் இந்த வரலாறு முழுவதிலும் அவரை மனிதராக என்னால் பார்க்க முடிகிறது.

செங்கதிர்:
அந்தக் கனிவைச் சுட்டுக்கொல்லப்பட்டவருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கறுப்புக்கோட்டு:
சுடப்பட்டவரே அந்தக் கனிவைச் சுட்டவருக்குக் கொடுத்தாரே! மருத்துவமனையில் இருந்தபடி பண்டாரநாயக்க மக்களுக்கு விடுத்த செய்தி நினைவிருக்கிறதா? பிக்குவின் உடை தரித்த ஒரு மூடன் தம்மைச் சுட்டுவிட்டதாகச் சொன்னார். அவன்மீது இரக்கம் காட்டுங்கள், பழிவாங்கப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மரண தண்டனையை நிறுத்திவைத்த மனிதரின் கடைசி வேண்டுகோள் அது. அவர் பெயரைச் சொல்லியே அவர் சட்டத்தைக் குப்பையில் போட்டு, அவர் இரங்கச் சொன்ன ஆளைத் தூக்கில் போட்டார்கள். தூக்கிலிட்ட நேரத்தில் பிரதமராக இருந்தவர் அவருடைய மனைவி சிறிமாவோ.

செங்கதிர்:
கொல்லப்பட்டவரின் பெருந்தன்மை அரசைக் கட்டுப்படுத்தாது. ஒரு நாட்டின் பிரதமர் தம் வீட்டில் சுடப்படுகிறார். நாடு முழுவதும் அவசரகால நிலை. சதியில் போலீஸ் அதிகாரியின் பெயர் அடிபடுகிறது. அமைச்சரவையிலிருந்த பெண் அமைச்சர் ஒருவரே கைதாகிப் பிறகு விடுவிக்கப்படுகிறார். அந்த நேரத்தில் "ஆயுள் சிறை போதும்" என்று சொல்லும் அரசு நிலைக்குமா? அரசியல் கொலைக்கு மிகக் கடுமையான விலை உண்டு என்று காட்டாவிட்டால், அடுத்தவனும் துப்பாக்கியோடு வருவான்.

பனங்கூடல்:
காட்டினார்களே. அடுத்தவன் வராமல் இருந்தானா? சோமாராமவைத் தூக்கிலிட்ட பிறகு அந்தத் தீவில் எத்தனை தலைவர்களை நாம் பறிகொடுத்தோம்! 1975இல் அல்பிரட் துரையப்பா, 1989இல் அமிர்தலிங்கம், 1993இல் பிரேமதாச, 1999இல் நீலன் திருச்செல்வம். இதில் சிங்களத் தலைவரும் உண்டு, தமிழ்த் தலைவர்களும் உண்டு. இவர்களைக் கொன்றவர்களில் பலர் நம்மவர்கள். அதை இங்கே சொல்லாமல் போனால் பிக்குவைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருக்காது. வெலிக்கடைக் கயிறு இவர்களில் ஒருவரைக்கூடக் காப்பாற்றவில்லை.

கறுப்புக்கோட்டு:
பனங்கூடல் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சோமாராமவுக்காக முன்தேதியிட்டுச் சட்டம் எழுதிப் பழகிய கை அதோடு நிற்கவில்லை. 1962 ஜனவரியில் இராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று பிடிபட்டார்கள். அவர்களைத் தண்டிக்க அரசு மறுபடியும் முன்தேதியிட்ட சட்டத்தை எழுதியது. 1965இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்து எல்லோரையும் விடுதலை செய்தது. சதிகாரர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வெறுக்கத்தக்க ஒருவருக்கு எதிராகத்தானே என்று முதல்முறை கண்ணை மூடிக்கொண்டதால் வந்த வினை அது.

செங்கதிர்:
இரண்டும் ஒன்றல்ல. 1962 சட்டம் குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவைத்து எழுதப்பட்டது, நீதிமன்றத்தின் வேலையை நாடாளுமன்றமே செய்யப் பார்த்தது. அதனால்தான் விழுந்தது. கொலைக்கு மரண தண்டனை என்பது அந்த நாட்டுக்குப் புதியது அல்ல. கொஞ்சக் காலம் நிறுத்தியிருந்ததைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கறுப்புக்கோட்டு:
அந்தக் கொஞ்சக் காலத்துக்குள்தான் குற்றம் நடந்தது, ஐயா. சட்டம் என்பது அன்றைக்கு என்ன இருந்தது என்பதுதான்.

செங்கதிர்:
சரி, தண்டனை விஷயத்தில் நாம் இருவரும் இணங்கப்போவதில்லை. சதியைப் பற்றியாவது நேராகப் பேசுவோம். புத்தரக்கித்த 1967இல் சிறையிலேயே இறந்தார். அவர் சுதந்திரமாக வாழ்ந்து செத்ததைப் போல இங்கே எழுதப்படுவது தவறு. கொலையின் அரசியல் பின்னணியை ஆராய எகிப்து, கானா நாட்டு நீதிபதிகளையும் சேர்த்து 1963இல் ஆணைக்குழுவும் அமைத்தார்கள். விசாரிக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பனங்கூடல்:
அந்த ஆணைக்குழுவில் மூன்றாவதாக உட்கார்ந்தவர் யார்? வழக்கை விசாரித்துத் தீர்ப்பு எழுதிய அதே டி.எஸ். பெர்னாண்டோ. தம் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கின் பின்னணியை அவரே மீண்டும் ஆராய்ந்தார். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேள்வி கேட்க வேறொரு நீதிபதி அந்த நாட்டில் இல்லையா? 1956இல் மேடையேறிய பிக்கு அரசியலை, அதற்குப் பணம் கொடுத்தவர்களை, அதைப் பயன்படுத்திய கட்சிகளை முழுதாக வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் துணிவு எந்த அரசுக்கும் இருந்ததில்லை. ஒரு தனிமனிதரைத் தூக்கிலிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

செங்கதிர், அவர் தம் கையால் சுட்டார், பொறுப்பு அவருடையது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன். 1958இல் எங்கள் ஆட்களை வெட்டியவர்களும் தங்கள் கையால்தான் வெட்டினார்கள். அவர்களில் எத்தனை பேருக்காக இந்த அளவு சாட்சிகளைக் கூப்பிட்டு, இந்த அளவு நாட்கள் நீதிமன்றம் உட்கார்ந்தது?

செங்கதிர்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, பனங்கூடல். 1958க்கும் அப்படியொரு விசாரணை நடந்திருக்க வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே பக்கம். அதற்காகச் சோமாராமவின் வழக்கில் கிடைத்த தீர்ப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.