நாடு முழுக்க ஓர் அடிமட்டக் கூலி வேண்டுமா? கூலிக் கணக்கு எழுதியவர்கள், வாங்கியவர்கள், கொடுப்பவர்கள் புனைபெயரில் சொல்லுங்கள்

மஸ்டர் ரோல்:
எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்கக் கூடாத ஓர் அடிமட்டக் கூலி நாடு முழுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே எனக்கு ஒரு ஏடிஎம் வாசல்தான் ஞாபகம் வரும். பத்து வருஷம் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டேன். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். பேசிக், டிஏ, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் பட்டியலில் சட்டப்படி இருக்கும். பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். ஏழாம் தேதி சாயங்காலம் சூப்பர்வைசர், ரப்பர் பேண்டு போட்ட ஏடிஎம் கார்டுக் கட்டோடு வாசலில் நிற்பார். ஒவ்வொருவராகத் தங்கள் கார்டை வாங்கி, பணம் எடுத்து, ஒரு பங்கை அவர் கையில் வைத்துவிட்டுக் கார்டையும் திருப்பிக் கொடுப்பார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு என்று ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரியாமல் எழுதினேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் இந்தக் குறைந்தபட்சக் கூலித் தொகையை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். 1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவுகோல் அது. குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு தேவை என்று புள்ளி போடுவார்கள்: சம்பாதிப்பவர் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6. மொத்தம் 3 நுகர்வு அலகு. அலகுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனி, எரிபொருள், விளக்கு, இதர செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேருங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1991 ஆகிவிட்டது.

இதையெல்லாம் எங்கள் காவலாளி அண்ணன் ஒருவரிடம் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, எங்கம்மா எத்தனை புள்ளி?" என்றார்.

இலையும் தூளும்:
எங்கம்மா பீடி சுற்றினார். எங்களுக்கு நாள் கூலி என்ற பேச்சே கிடையாது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். கடையில் தரும் இலை ஆயிரத்துக்குப் பற்றாது. குறைந்ததைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனால் நுனி மடங்கவில்லை, நூல் தளர்ந்திருக்கிறது என்று ஒரு பிடியைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி இல்லை, பீடியும் திரும்பி வராது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இலை வெட்டுவேன், ஆச்சி நுனி மடக்குவார், அம்மா சுற்றுவார். ஆயிரம் தேறுவது அப்படித்தான். வேலைக் கணக்கு எழுதும் பாஸ்புக்கில் இருந்தது அம்மா பெயர் மட்டும். ஒரு நாளில் ஒருவர் ஆயிரம் சுற்ற முடியும் என்று எந்த அதிகாரியாவது கணக்குப் போட்டிருந்தால், அவர் எங்கள் மூன்று பேரின் கையைத்தான் எண்ணியிருக்கிறார்.

மாநிலத்துக்கு மாநிலம் தொகை வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணூரைச் சொல்வார்கள். 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்தியதும் முதலாளிகள் கடையைச் சாத்திவிட்டுக் கர்நாடகப் பக்கம் போய்விட்டார்கள். வேலை இழந்தவர்களுக்காக 1969-இல் தொடங்கியதுதான் தினேஷ் பீடி கூட்டுறவு. எல்லா ஊருக்கும் அப்படி ஒரு கூட்டுறவு வாய்க்கவில்லை.

லேத் பட்டறை:
நான் கூலி கொடுக்கும் பக்கம். ஓசூரில் மூன்று லேத், ஆறு பேர். அடிமட்டக் கூலி வந்தால் சிறு முதலாளி செத்தான் என்று பட்டறை முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார்கள். என் அனுபவம் வேறு. போன வருஷம் ஒரு புஷ் (இயந்திர உதிரிபாகம்) ஆர்டர் கைவிட்டுப் போனது. வேறு மாநிலத்துப் பட்டறை ஒன்று பீஸுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக் கோட் செய்துவிட்டது. ஸ்டீல் விலை அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். அந்த ஒன்றரை ரூபாய் யார் சட்டைப்பையிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயும் ஓர் அடிமட்டக் கூலி இருந்திருந்தால் ஆர்டர் எனக்கே வந்திருக்கலாம்.

ஆனால் நாடு முழுக்க ஒரே தொகை என்றால் எனக்குச் சம்மதமில்லை. பெருநகர வாடகையும் கிராமத்து வாடகையும் ஒன்றா?

மஸ்டர் ரோல்:
பட்டறைக்காரர் கேட்டது நியாயம். 2019-இல் மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழுவும் அதைத்தான் யோசித்தது. தேசிய அளவில் நாளுக்கு 375 ரூபாய், மாதம் 9,750. வேண்டுமானால் மாநிலங்களை ஐந்து வட்டாரமாகப் பிரித்து 342 முதல் 447 வரை. நகரத்தில் வாடகைக்குத் தனியாக மாதம் 1,430 வரை. அதே வருஷம் மத்திய அரசு அறிவித்த அடிமட்டக் கூலி நாளுக்கு 178. அதற்கு முன் 176. இரண்டு ரூபாய் ஏற்றம், அதுவும் மாநிலங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத தொகை.

அந்தக் குழு குடும்பத்துக்கு 3.6 அலகு வைத்திருந்தது. சராசரிக் குடும்பத்தின் அளவிலிருந்து வந்த எண்தான். ஆனாலும் அண்ணனுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்கு 0.6 கிடைச்சிருக்கு" என்றேன். சிரித்தார். 2020-இல் ஊதியச் சட்டத்தொகுப்புக்காக வந்த மத்திய வரைவு விதிகளில் அது திரும்பவும் 3-க்கே போய்விட்டது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.