செயலியின் வேகத்தைக் குறைத்தால் மடிக்கணினி விசிறியின் இரைச்சல் அடங்குமா?

கேள்வி:
என்னுடையது இன்டெல் ஐ5-1135ஜி7 செயலியும் விண்டோஸ் 11-ம் உள்ள மடிக்கணினி. இரவில் குழந்தை உறங்கிய பின்னரே தட்டச்சு செய்ய அமர்கிறேன். ஆனால் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே டாஸ்க் மேனேஜரில் வேகம் 4 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி, விசிறி மாவு மில்லைப் போல இரைகிறது. செயலியின் வேகத்தை 50 விழுக்காட்டில் நிறுத்திவிடலாமா?

பதில் 1:
அவ்வளவு இறக்கத் தேவையில்லை. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், செயலிக்கான அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும்; ஆனால் அதனால் டர்போ, அதாவது அடிப்படை அளவைத் தாண்டி வேகத்தை ஏற்றும் வசதி, நின்று, வேகம் அடிப்படை அளவான 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். செயலி இயங்கச் செலவாகும் மின்சாரம் வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. வேகம் ஏற ஏற மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், உச்சிக்கு அருகிலுள்ள கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் விலை அதிகம். இரண்டையும் 20 விழுக்காடு குறைக்க முடிந்தால் அந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். சில மடிக்கணினிகளில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும். அப்போது விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையால் வெளிக்கொணரலாம்.

பதில் 2:
50 விழுக்காடு வேண்டாம் என்பதே என் கருத்தும். ஒரு கட்டத்துக்குக் கீழே மின்னழுத்தம் இறங்காது. அதன்பின் வேகத்தைக் குறைத்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும், திரையும் நினைவகமும் அவ்வளவு நேரமும் மின்சாரம் தின்னும், செயலி உறக்க நிலைக்குப் போகவும் தாமதமாகும். லினக்ஸ் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செயலியின் வேகத்தை ஆளும் அமைப்புகளில் பவர்சேவ் என்ற ஒரே பெயர், பழைய ஏசிபிஐ டிரைவரில் (செயலியின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) வேகத்தை அடிமட்டத்திலேயே கட்டிப்போடும், இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரிலோ தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். பெயரை நம்பி நான் ஒரு வாரம் ஆமை வேகக் கணினியோடு மாரடித்தேன்.

பதில் 3:
அமைப்புகளில் கைவைக்கும் முன் அடிப்பக்கத் துவாரங்களைப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் விசிறி ஓயாது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பின்மூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையில் தூசி பஞ்சுமெத்தை போலப் படிந்திருந்தது. அதை நீக்கி, 99 என்றும் வைத்த பிறகு வேகம் 2.4-ஐத் தாண்டவில்லை, காதை அருகில் வைத்தால்தான் விசிறி கேட்கிறது. காணொளி ஏற்றுமதிக்கு மட்டும் முன்னைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது என்பதால், பகலில் அதைச் செய்யும்போது 100-க்கே மாற்றிக்கொள்கிறேன்.